தொழில் இருமல்

பேசாமல் தைத்தால் மெத்தை கோணிக்கொள்ளும் என்பது அண்ணியின் கட்சி. பேசிப் பேசித்தான் கோணிக்கொள்கிறது என்பது நாத்தனாரின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் மெத்தை நின்றுகொண்டிருக்கும்.

நிஜமாகவே நின்றுகொண்டுதான் இருக்கும். அந்தக் கடையில் மெத்தையைப் படுக்கப்போட்டுத் தைக்கிற வழக்கம் கிடையாது. உறைக்குள் பஞ்சை அடைத்து வாயைத் தைத்ததும் நீளவாக்கில் நிமிர்த்தி, இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முழ நீள ஊசியை இவள் இங்கிருந்து குத்தித் தள்ள, அவள் அங்கே பிடித்து இழுத்து, விரற்கடை தள்ளித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. அண்ணியின் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே குத்தினால் ஊசி நேரே அவள் கைக்குப் போகும். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது.

அண்ணிக்கோ பேச்சுக்குப் பஞ்சமில்லை. எதிர்த்த வீட்டுப் பூனை குட்டி போட்டதில் ஆரம்பித்தால், மெத்தையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போவாள். நடுவில் புள்ளி கிடையாது, கமா கிடையாது.

"வாயை மூடிட்டுத் தைங்க அண்ணி. மெத்தை கோணுது பாருங்க."

"கோணினா கோணட்டும்டி. படுக்கிறவன் நேராவா படுக்கப்போறான்?"

நாத்தனாருக்குத் தெருவில் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் வெடிதான். கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வாசலில் நின்ற அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பசிக்குதா?" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பட்டாசுக்கு அண்ணிமேல் உயிர். ஆனால் அந்த உயிரைத் திட்டாகத்தான் வெளியே விடத் தெரியும். ஆளுக்கு ஒரு சுபாவம், என்ன செய்வது?

அண்ணன் வாயில்லாப் பூச்சி. பழைய மெத்தைகளைப் பிரித்து மெஷினில் பஞ்சடிப்பார். தைத்த மெத்தைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டில் இரண்டு பெண்கள் பேசுகிற பேச்சே தெருவுக்குப் போதும் என்று தன் பங்கையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில்தான் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி, அறுவை, ஊசி மருந்து, முடி கொட்டியது, பிறகு கரண்டு. மார்பில் மையால் கோடு போட்டு, தினமும் ஒரு பெரிய மெஷினுக்கடியில் படுக்கவைத்து, கதிரைப் பாய்ச்சுவதைத்தான் கரண்டு வைப்பது என்று சொல்கிறார்கள். தோல் கருத்துப்போனது. அண்ணி அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். "ஒரு பக்கம் மட்டும் தீஞ்சுபோன ரொட்டி மாதிரி இருக்கேன்டி" என்றாள். கடைசி நாள் அங்கிருந்த நர்ஸ், இருமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வந்து சொல்லணும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். முடிந்தது என்ற சந்தோஷத்தில் யாருக்குக் காது கேட்டது?

சில மாதம் கழித்து அண்ணி இருமத் தொடங்கினாள்.

மெத்தைக் கடையில் இருமல் ஒரு நோயே இல்லை. கொட்டாவி மாதிரி, தும்மல் மாதிரி அதுவும் ஒன்று. பழைய பஞ்சைப் பிரித்தால் பத்து வருஷத்துத் தூசி எழுந்து நிற்கும். அண்ணன் காலையில் எழுந்து இருமுகிற இருமலைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். பட்டாசும் இருமுவாள். ஆகவே அண்ணி இருமியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் மறுபார்வைக்கு வரச் சொன்ன நாள் வந்தது. டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "இருமல், கிருமல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் பட்டாசு முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல இருமாதவங்க யாரு டாக்டர்? பஞ்சுல பொழைக்கிறவங்க நாங்க. எங்களுக்கு அது தொழில் இருமல்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. "தூசியில கொஞ்சம் கம்மியா உக்காருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பட்டாசுக்குத் தன் பதிலை நினைத்து ஒரு பெருமைகூட இருந்தது.

இருமல் குறையவில்லை. வறட்டு இருமல், சளி என்று ஒரு துளி வராது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெத்தைக்கு அந்தப் பக்கம் பேச்சு அறுந்து அறுந்து வந்தது.

"அந்த டீக்கடைக்காரர் இருக்காரே... அவரோட மச்சான்... நேத்து வந்து..."

பட்டாசு ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாதி மெத்தை தாண்டவில்லை, கதை அதற்குள் நின்றுவிட்டது.

"வந்து?"

"வந்தாரு. அவ்ளோதான்."

அண்ணியின் கதை 'அவ்ளோதான்' என்று முடிந்து பட்டாசு கேட்டதே இல்லை. அவளுக்குத் தெரிந்த எதிரி ஒன்றுதான், பஞ்சுத்தூசி. அதன்மேல் படையெடுத்தாள். மெஷினைப் பெயர்த்துக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் செய்தாள். தினமும் கூடத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். அண்ணன் சட்டையை உதறாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்றாள். அவரோ தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்துகொண்டே வேலை பார்த்தார். அண்ணியைத் தைக்க விடாமல் ஜன்னல் வைத்த முன்னறையில் உட்கார வைத்துவிட்டாள்.

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? ஒரு முடிச்சாவது போடறேன்டி."

"வேணாம் அண்ணி. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"பொழுது போகலடி."

"ஜன்னல் வழியா வேடிக்கை பாருங்க அண்ணி."

இப்படி மெத்தென்று பேசினாள் பட்டாசு. திட்டுவதை அடியோடு விட்டுவிட்டாள். உள்ளே அவளுக்கு ஒரு முள். அண்ணி கரண்டு வைத்துக்கொண்டு வந்து ஓய்ந்து உட்கார்ந்திருந்த நாட்களில், அவசர ஆர்டர் என்று அந்தக் கூடத்திலேயே பழைய பஞ்சை அடிக்கச் சொன்னது யார்? இவள்தான். என் கையால்தானே இந்தத் தூசியை அவள் மூக்கில் ஏற்றினேன் என்று நினைத்துக்கொண்டு, எந்த வாயால் திட்டுவது?

ஒரு காலையில் துவைத்த உறைகளைக் காயப்போட மாடிக்குப் போன பட்டாசு, பாதிப் படியில் அண்ணி உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். பக்கத்தில் சின்ன வாளி. அதில் கைத்துண்டுகள் மட்டும். அந்த வீட்டில் அதைவிட லேசான வாளி கிடையாது.

"என்ன அண்ணி இங்க உக்காந்துட்டீங்க?"

"காத்து வாங்கறேன்."

"படிக்கட்டுல எங்க அண்ணி காத்து?"

"அதான் எனக்கும் தெரியல. தேடிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன. பட்டாசு இரண்டு படி கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இருமல் ஓய்வதற்குள் யாரோ தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், ஒரு காய்காரி கூவிக்கொண்டு போனாள்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"குரல் குடுக்கவும் மூச்சு வேணும்ல?"

"இந்தப் பஞ்சுத்தூசி இருக்கே..."

"இது பஞ்சு இல்லடி." அண்ணி நிதானமாகத்தான் சொன்னாள். "பஞ்சை எல்லாம் கொல்லைக்கு அனுப்பிட்ட. என்னை முன்னறைக்கு அனுப்பிட்ட. இருமல் மட்டும் எங்கயும் போகல பாத்தியா? அது நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. எனக்குத் தெரியும்."

"எது?"

"என்ன எது? போனதா நெனச்சோமே, அது."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான்."

"நானா?"

"நீ என்னைத் திட்டி எவ்ளோ நாளாச்சு? பாலைப் பொங்க விட்டு அடுப்பு முழுக்க ஊத்தினேன். 'பரவால்ல அண்ணி'ன்ன. உன் கத்தரிக்கோலைக் கல்லுமேல போட்டு முனையை ஒடச்சேன். நீ அந்தக் கத்தரிக்கோலுக்காக அண்ணனையே அடிக்கப் போனவ. என்னைப் பாத்து 'போகட்டும் அண்ணி'ன்ன. போற உசுரைத்தான்டி யாரும் திட்ட மாட்டாங்க."

பட்டாசு அவள் முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்படி இல்ல அண்ணி. நான்... நான்தான் அன்னிக்குக் கூடத்துல பஞ்சடிக்கச் சொன்னேன். என்னாலதான் வந்துச்சோன்னு..."

"அட பைத்தியமே."

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மாட்டேன்." அண்ணி தலையில் கை வைத்துத் தடவிக்கொண்டாள். முடி இப்போதுதான் விரல் நீளம் வளர்ந்திருந்தது. "தலைக்கு மேல போனதுக்கப்புறம் சாண் என்ன, முழம் என்ன? அவங்க வாயால அதைக் கேக்க வேண்டாம்னு இருக்கேன். மறுபடியும் முதல்லேர்ந்து என்னால முடியாதுடி. இப்படியே உங்ககூட இருந்துட்டுப் போறேனே."

பட்டாசு எழுந்து கீழே ஓடினாள். வாசலில் லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு புது மெத்தை, ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதற்காகக் கட்டித் தயாராக இருந்தது. அண்ணன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொன்னாளோ, கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் படியேறி வந்தார். மனைவிக்கு எதிரே நின்றார்.

"ஏறு வண்டியில."

"நான் வரல."

"நீ ஏறலைன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன். மெத்தை போகாது. கல்யாண வீட்டுக்காரன் வந்து கத்தட்டும். நான் இங்கயே உக்காந்திருப்பேன்." சொல்லிவிட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே விட்டார். அந்த மனிதர் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சு அது. அண்ணி அவரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"உங்களுக்கு இவ்ளோ பேச வருமா?"

"வரும். ஏறு."

ஆட்டோவின் முன்சீட்டில் அவர் ஒருவருக்குத்தான் இடம். மெத்தைமேல் ஒரு பழைய போர்வையை விரித்தார்கள், கல்யாண மெத்தையில் வியர்வை படக் கூடாது என்று அண்ணி அந்த நிலையிலும் சட்டம் பேசியதால். அவள் சாய்ந்துகொள்ள, பட்டாசு பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க் கடை பூட்டு ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மெத்தையோட ஆளையும் சேத்து டெலிவரியா?"

"ஆமா," என்றாள் அண்ணி, மூச்சை இழுத்துக்கொண்டு. "மெத்தை வாங்கினா... அண்ணி இலவசம்."

ஊருக்கெல்லாம் மெத்தை தைத்த அந்தக் குடும்பம் படுப்பது பாயில்தான். ஆர்டர் மெத்தையே முடியாதபோது சொந்த மெத்தைக்கு யாருக்கு நேரம்? ஆகவே தான் தைத்த மெத்தையில் அண்ணி முதுகு சாய்த்தது அன்றுதான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத்தான்டி தைச்சிருக்கோம்."

பட்டாசு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையோரத்துக் கடைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா அண்ணி நடந்து வருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். விரலில் ஒரு கருவியை மாட்டினார், முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அன்னிக்கு வந்தப்பவே இருந்துச்சு டாக்டர்," என்றாள் பட்டாசு. "நான்தான் தொழில் இருமல்னு சொன்னேன். அவங்களைப் பேசவே விடல. என் வாய்தான் காரணம்."

"நானும்தான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். சரி, முதல்ல படம் எடுப்போம்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். அது போதாதென்று குழாய் மாதிரி இருக்கிற மெஷினுக்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் மின்விசிறி சுற்றியது. பட்டாசு தன் புடவை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து இழுத்து ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்துவிட்டாள். அண்ணன் அந்த நூலை அவள் கையிலிருந்து வாங்கிச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் கையை விடவில்லை.

எல்லாரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார் டாக்டரம்மா. திரையில் படம் இருந்தது. அண்ணி அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புற்று திரும்பி வந்ததா இதுல ஒண்ணும் தெரியல," என்றார் டாக்டரம்மா முதல் வார்த்தையாக. நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. "கிருமி இருக்கிற மாதிரியும் இல்ல. இங்க பாருங்க. மார்புக்குக் கதிர் வைக்கும்போது, அதுக்கு நேர் பின்னால இருக்கிற நுரையீரல்லயும் ஓரமா கொஞ்சம் படும். எவ்வளவு ஜாக்கிரதையா வச்சாலும் படும். சிலருக்குக் கொஞ்ச மாசம் கழிச்சு அந்த இடம் வீங்கிப் புண்ணாகும். இந்த வெள்ளைத் திட்டு பாருங்க, கோடு போட்டு நிறுத்தின மாதிரி நிக்குது. கதிர் போன பாதையில மட்டும்தான் இருக்கு."

அண்ணி தலையைத் தூக்கினாள். "அப்ப... அது இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது இல்ல. மருந்து குடுத்துத் திரும்பப் படம் எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்குவோம்."

"பஞ்சுத்தூசியும் இல்லையா? பஞ்சடிக்கிற மெஷினைக்கூடக் கொல்லைக்கு மாத்திட்டோமே" என்றாள் பட்டாசு.

"தூசி இதைக் கொண்டுவரல. ஆனா தூசி நல்லதும் இல்ல. மெஷின் வெளியவே இருக்கட்டும். உங்க ரெண்டு பேர் இருமலையும் ஒரு நாள் நான் கேக்கணும்."

வீக்கத்தை வற்றவைக்கிற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, நான்தான் படிப்படியாகக் குறைப்பேன் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். ஒரு தழும்பு மாதிரி கொஞ்சம் உள்ளே தங்கலாம், பழைய மூச்சு அவ்வளவும் வருமா என்று இப்போதே சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் மூச்சு போதாமல் பாதியில் நிறுத்திவிட்டு, "கல்யாண மெத்தை வெயில்ல நிக்குதுங்க" என்றாள் புருஷனிடம்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் முதலில் இரவில் அடங்கியது, பிறகு பகலில். பசிதான் பேயாக வந்தது. ரொட்டியும் முட்டையும் வைக்க வைக்கக் காணாமல் போயின. முகம் உப்பி, கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆயின. "எனக்கே என்னைக் கிள்ளணும்போல இருக்குடி" என்றாள். அண்ணன் அவளுக்குத் தெரியாமல் தினமும் அவள் எத்தனை படி நிற்காமல் ஏறுகிறாள் என்று கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு மட்டும் மாறவில்லை. இன்னும் அதே 'பரவால்ல அண்ணி', அதே 'போகட்டும் அண்ணி'. பயம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் சொன்னவுடன் கிளம்பிவிடுமா?

இரண்டாம் படம் எடுத்துப் பார்த்து, வெள்ளைத் திட்டு பாதிக்குமேல் கரைந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், பட்டாசு புதுப் பஞ்சாகப் பார்த்து எடுத்து ஒரு மெத்தை அடைத்தாள்.

"யாரு ஆர்டர்டி இது?"

"உங்க ஆர்டர்தான். ஊரெல்லாம் மெத்தையில படுக்குது. நுரையீரல்ல புண்ணை வச்சுக்கிட்டு நீங்க பாயில கிடக்கறீங்க."

"அப்ப நானும் தைப்பேன்."

"வேணாம் அண்ணி..."

"என் மெத்தைக்கு நான் ஊசி பிடிக்கக் கூடாதா?"

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஸ்டூல் போட்டு மெத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பட்டாசு இந்தப் பக்கம். கொஞ்ச நேரம் ஊசி மட்டும் போய்வந்தது. குரல் இல்லாததால் பட்டாசு இரண்டுமுறை தப்பான இடத்தில் குத்தினாள்.

"இங்கடி, இங்க." துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருக்க வேண்டும், குரல் தெளிவாக வந்தது. "உனக்கு விஷயம் தெரியுமா, பூட்டு ரிப்பேர்க்காரர் நேத்து சாவியை உள்ளயே வச்சுட்டுத் தன் வீட்டையே பூட்டிக்கிட்டாராம், ஊர்ப் பூட்டை எல்லாம் தொறக்கிற மனுஷன் தன் வீட்டுப் பூட்டைத் தொறக்க முடியாம வாசல்ல உக்காந்திருக்காரு, அவர் பொண்டாட்டி உள்ள இருந்துக்கிட்டு நல்லா வேணும்னு ஜன்னல் வழியா டீயை மட்டும் நீட்டிட்டுத் தொறக்காமயே..."

பட்டாசு ஊசியைக் குத்தினாள். குரலுக்கு நேரே குத்தினாள். போய்த் திரும்பி வந்தது. குரல் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். பாதி மெத்தை தாண்டியது. எங்கே அறுமோ, எங்கே அறுமோ என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். பூட்டுக்காரர் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கினார், பொண்டாட்டி திருடன் என்று விளக்குமாற்றால் நாலு போட்டாள், மூலை வந்துவிட்டது. நடுவில் புள்ளி இல்லை, கமா இல்லை.

பட்டாசு நெற்றியை மெத்தையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் உறையில் பட்டது. பட்டால் பட்டது, இது வீட்டு மெத்தைதானே. மூக்கை உறிஞ்சினாள், தொண்டையைச் செருமினாள்.

"வாயை மூடிட்டுத் தைங்க அண்ணி! மெத்தை கோணுது!"

ஊசி பாதி உள்ளே, பாதி வெளியே என்று அப்படியே நின்றது.

"என்னடி சொன்ன?"

"காது கேக்கலையா? வாயா அது, ஓட்டைப் பானையா? கத்தரிக்கோலை வேற ஒடச்சு வச்சிருக்கீங்க, நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டு நிக்கிறேன் நான்! வாயை மூடிட்டுத் தைங்கன்னேன்!"

ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். கொல்லைப்புறத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டிப் போகிறமாதிரி, இருக்கிற மூச்சு அத்தனையையும் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள்:

"என்னங்க! இங்க ஓடி வாங்களேன்! உங்க தங்கச்சி என்னைத் திட்டறா!"